சிகரெட்டை விடும் வீடு

எல்லோருக்கும் வணக்கம். சிட்னியில் கூடியிருக்கும் இந்த அவையில் மருத்துவர்களும் செவிலியர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் தொலைதூர ஊர்களில் பூர்வகுடி மக்களிடையே வேலை பார்த்தவர்கள், சிலர் இனிமேல் போகப்போகிறவர்கள். அதை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தேன். ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெரியவர்கள் சிகரெட்டை விட நினைக்கும்போது அவர்களுடைய குடும்பம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும், ஆய்வுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பேசப்போகிறேன்.

நியூ சவுத் வேல்ஸில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. அந்த வயதில் இருக்கும் பூர்வகுடி மக்களின் இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குப் புகையிலையே காரணம் என்றது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே சமயம் இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். 2004-05இல் பூர்வகுடிப் பெரியவர்களில் பாதிப் பேர் தினமும் புகைபிடித்தார்கள். 2018-19இல் அது நூற்றுக்கு 40 ஆகக் குறைந்தது. இந்தப் பாதி வெற்றியை வாங்கித் தந்தவர்கள் அந்த மக்களேதான். பூர்வகுடி மக்களிடையே புகைபிடிப்பைக் குறைக்க 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்தை வழிநடத்திய டாம் கால்மாவும் ஒரு பூர்வகுடி மூத்தவர்.

இவர்கள் கையில் இவ்வளவு புகையிலை எப்படி வந்தது? வடகரையில் சுலவேசியிலிருந்து வந்த மகாசர் கடலோடிகள் வெள்ளையர் வருவதற்கு முன்பே புகையிலை கொண்டுவந்தார்கள். ஆனால் இன்றைய நிலைக்கு அது காரணமில்லை. மாட்டுப் பண்ணைகளிலும் மதப் பணி நிலையங்களிலும் கூலிக்குப் பதிலாக மாவு, சர்க்கரை, தேயிலையோடு புகையிலையையும் அளந்து கொடுத்தார்கள். நாளெல்லாம் மாடு மேய்த்தவருக்கு அதுதான் சம்பளம். பண்ணைத் தொழிலாளருக்குச் சமக் கூலி கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பே 1966இல்தான் வந்தது. இது தெரியாமல் "ஏன் இவர்களால் விட முடியவில்லை?" என்று கேட்பது அநியாயம்.

விட ஆசையில்லாதவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2012-13இல் 35 இடங்களில் சுமார் 2,500 பூர்வகுடி மக்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. புகைபிடிப்பவர்களில் நூற்றுக்கு 70 பேர் விட வேண்டும் என்றார்கள். மறுபடி முதலிலிருந்து வாழ முடிந்தால் தொடங்கியே இருக்க மாட்டோம் என்றவர்கள் இன்னும் அதிகம்.

அப்புறம் எங்கே தடுக்கிறது? வீட்டுக்குள் வந்து பாருங்கள். அம்மாவின் அக்காவும் தங்கையும் அம்மாதான், அப்பாவின் அண்ணனும் தம்பியும் அப்பாதான். நம் பெரியம்மா, சித்தி, பெரியப்பா முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கையில் இருப்பதைக் கேட்ட உறவுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு பாக்கெட் நாற்பது டாலரைத் தாண்டும் ஊரில் சிகரெட்டும் அப்படியே கைமாறுகிறது. வராந்தாவில் நாலு பேர் உட்கார்ந்து ஒன்றைப் பகிர்ந்து புகைக்கும்போதுதான் ஊர்ச் சேதி பேசப்படுகிறது, துக்கம் விசாரிக்கப்படுகிறது. அதிலிருந்து ஒருவர் மட்டும் எழுந்து போனால் சிகரெட்டோடு அந்தப் பேச்சும் அவருக்குப் போய்விடுகிறது.

வடக்கு ஆட்புலத்தில் ஒரு கிளினிக்கில் நான் வேலை பார்த்தபோது, மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை அளக்கும் சின்னக் கருவி ஒன்று மேசையில் இருக்கும். ஒரு பாட்டி ஊதினார், 18 காட்டியது. பத்தைத் தாண்டினாலே புகைபிடிப்பவர் என்று அர்த்தம். கூட வந்திருந்த தங்கை, "என்னுடையதையும் பார்" என்றார். அடுத்து மருமகன். சுகாதாரப் பணியாளரான உள்ளூர்ப் பெண் எண்களைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதிவிட்டு, ஒருநாள் முழுக்க விட்டுவிட்டு வந்து ஊதினால் இது இறங்கிவிடும் என்று அவர்கள் மொழியில் சொன்னார். நான் பாட்டிக்கு மட்டும் நிக்கோட்டின் பேட்ச் எழுதப் போனேன். அந்தப் பெண் என் கையைத் தடுத்து, "மூன்று பேருக்கும் எழுதுங்கள்" என்றார். ஈரக்காற்றிலும் வியர்வையிலும் பேட்ச் உரிந்துவிடும், மேலே டேப் ஒட்டச் சொல்லுங்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

சரி, குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால் போதுமா? ஆய்வுகள் அவ்வளவு எளிதாக ஆமாம் சொல்லவில்லை. டார்வினிலும் நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் சுமார் 300 பூர்வகுடித் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் சேர்த்து, குழந்தைகள்மேல் படும் புகையைக் குறைக்க, குடும்பத்தை மையமாக வைத்து ஒரு சோதனை நடந்தது. குழந்தைகளின் மூச்சு நோய் அதனால் குறையவில்லை என்று 2015இல் வெளியிட்டார்கள். மறைக்காமல் வெளியிட்டதை நான் மதிக்கிறேன். உலக அளவில் கணவன், மனைவி, நண்பர் ஆதரவைக் கூட்டப் பார்த்த சோதனைகளைக் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தபோதும் தெளிவான பலன் தெரியவில்லை. பெரும்பாலான சோதனைகளில் வீட்டில் கிடைத்த ஆதரவே கூடவில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு கையேட்டைக் கொடுத்து "உன் வீட்டுக்காரருக்கு ஆதரவாக இரு" என்றால் ஆதரவு வந்துவிடுமா? நச்சரிப்புதான் வரும். நச்சரிப்பவர் இருக்கும் வீட்டில் புகைபிடிப்பவர் ஒளிந்து பிடிக்கிறார், அவ்வளவுதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் நடந்த சோதனையில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பூர்வகுடிப் பணியாளர்களே ஆலோசனை சொன்னார்கள். ஓராண்டு கழித்து அந்தக் குழுவில் நூற்றுக்கு 11 பேர் விட்டிருந்தார்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 5 பேர். ஆட்கள் குறைவு என்பதால் அதை உறுதியான நிரூபணம் என்று சொல்ல முடியாது. என்றாலும் என் அனுபவம் அதன் பக்கம்தான் நிற்கிறது. இனி வரும் ஆய்வுகள் வீட்டையே ஓர் அலகாக எடுத்துக்கொள்ள வேண்டும். யார் யார் சேருவது, எந்தத் தேதியில் விடுவது, உறவுக்காரர் வந்து சிகரெட் கேட்டால் என்ன சொல்வது என்பதை வீட்டாரே முடிவு செய்யட்டும். குடும்பத்தைக் காவல்காரராக்கும் எந்தத் திட்டத்துக்கும் என்னிடம் ஆதரவு இல்லை. பணத்தையும் தரவுகளையும் 1971இல் இங்கே சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கியது போன்ற, மக்களே நடத்தும் மருத்துவ நிலையங்களிடம் கொடுக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை ஒரு பூர்வகுடி நோயாளி சிகரெட்டை விடப் பார்க்கிறேன் என்றால், "வீட்டில் வேறு யார் பிடிக்கிறார்கள், அவர்களும் வர விரும்புவார்களா?" என்று கேளுங்கள். வந்தால் அன்றைக்கே அவர்களுக்கும் மருந்து எழுதுங்கள். பத்து நிமிட நேர ஒதுக்கீட்டில் இது முடியாது என்று எனக்குத் தெரியும். நீண்ட நேரம் ஒதுக்கித் தரச் சொல்லி உங்கள் கிளினிக் மேலாளரிடம் சண்டை போடுங்கள். நான் போட்டிருக்கிறேன், கிடைத்தது.