எல்லாவற்றுக்கும் ஒரே ரைபிள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தேவகோட்டை, காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று நம் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கடல் தாண்டி இருக்கும். அப்போது பர்மா, மலேயா. இப்போது கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. போன இடத்தில் கூட வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து நம் பிள்ளைகளும் மான் வேட்டைக்குப் போகிறார்கள். நான் கனடாவில், ஆல்பர்ட்டா மாநிலத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். அங்கே முறையாக உரிமம் எடுத்து வேட்டைக்கும் போனவன். அதனால் ஊருக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதுதான்: "மாமா, ஒரு ரைபிள்தான் வாங்க முடியும். எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி எதை வாங்கட்டும்?"

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை குற்றம். அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் ஆசையும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான் பேசுகிறேன். ஆனால் நியூசிலாந்தின் கதை வேறு. 1904-இல் வெள்ளைக்காரர்கள் அங்கே கொண்டுபோய் விட்ட இமயமலை வரையாடு பெருகி மலைச்செடிகளை மேய்ந்து தீர்க்கிறது. அதைக் குறைக்க அரசாங்கமே வேட்டையை அனுமதிக்கிறது. நம் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டுக்குச் சொந்தக்கார விலங்கு அது. இங்கே காப்பாற்ற வேண்டியதாகவும் அங்கே குறைக்க வேண்டியதாகவும் இருக்கிறது. நான் சொல்லப்போவது அந்த மாதிரி சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும்.

சரி, ரைபிளுக்கு வருவோம். 'எல்லாத்துக்கும்' என்றால் எதெதற்கு? ஆல்பர்ட்டாவில் ஒரே பருவத்தில் வெண்வால் மானும் கிடைக்கும், அதைப்போல பல மடங்கு எடையுள்ள மூஸ் என்ற ராட்சத மானும் கிடைக்கும். நடுவில் எல்க் என்ற பெரிய மான், கருங்கரடி. இந்த நான்குக்கும் பொருந்துகிற தோட்டா எது என்று கேட்டால் என் பதில் .30-06. தேர்ட்டி ஆட் சிக்ஸ் என்பார்கள். 1906-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா. குண்டின் எடையைக் கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள். 150 கிரெயின் குண்டு மானுக்குத் தாராளம். 180 கிரெயின் நல்ல குண்டு மூஸுக்கும் போதும். சின்ன ஊர்க் கடையில்கூட அதன் தோட்டா கிடைக்கும். வேட்டைக்குப் போகிற வழியில் தோட்டாப் பை தொலைந்துபோனால் இதன் அருமை தெரியும்.

1952-இல் வந்த .308 வின்செஸ்டர் அதற்குத் தம்பி. தோட்டா உறையின் நீளம் 63 மில்லிமீட்டருக்குப் பதில் 51. ரைபிளும் கொஞ்சம் குட்டையாகும், சுடும்போது தோளில் விழும் உதையும் கொஞ்சம் குறையும். மான்தான் பிரதானம் என்றால் .308 வாங்குங்கள், நான் மறுக்கமாட்டேன். 'மேக்னம்' என்று பெயர் போட்ட பெரிய தோட்டாக்களை மட்டும் முதல் ரைபிளுக்கு வேண்டாம் என்கிறேன். உதை பலமாக இருந்தால் விசையை இழுக்கும் நொடியில் கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும், குண்டு மானின் வயிற்றில் பாயும். வயிற்றில் பட்ட மான் உடனே விழாது. மணிக்கணக்கில் துடித்து, எங்கோ ஒரு புதரில் போய்ச் சாகும். அதைவிடப் பெரிய பாவம் வேட்டையில் இல்லை. விலங்கு வலி தெரியாமல் விழ வேண்டும் என்றால் நீங்கள் பயப்படாமல் சுடக்கூடிய துப்பாக்கிதான் வேண்டும்.

குண்டின் தரத்தில் காசைப் பார்க்காதீர்கள். 1946-இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கருக்கு ஒரு மூஸ் வேட்டையில் குண்டு ஆழமாக இறங்காமல் மேலேயே சிதறிப்போனது. அந்த ஆத்திரத்தில் அவர் நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரிந்தாலும் பின்பாதி சிதையாமல் உள்ளே போகும். இன்றும் விற்கிறது.

ரைபிள், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட் இழுக்கும் வகையாக இருக்கட்டும். 1898 மௌசர் காட்டிய வழி அது. பனியிலும் தூசியிலும் மக்கர் செய்யாது. தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையை மரத்தில் வாங்குவதா, பிளாஸ்டிக்கிலா என்று கேட்பார்கள். வால்நட் மரம் கண்ணுக்கு அழகுதான், பர்மா தேக்குத் தூண்களுக்கு நடுவில் வளர்ந்த நமக்கு மரத்தின் மேல் ஆசை வருவதும் இயற்கை. ஆனால் ஐப்பசி அடைமழையில் நம் வீட்டு நிலைக்கதவு இறுகிக்கொள்வது போல, ஈரத்தில் அந்த மரமும் ஊதிக் குழலை ஒரு பக்கம் தள்ளும். குறி மாறிவிடும். ஒரே ரைபிள் என்றால் துருப்பிடிக்காத எஃகும் செயற்கைக் கட்டையும்தான்.

இப்போது எல்லாரும் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன். அது உங்கள் உடம்புக்குப் பொருந்துகிற அளவு. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை கடைச் சரக்கில் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். ஆறடி வெள்ளைக்காரருக்கு வைத்த அளவு. ஐந்தடி நாலங்குலம் உள்ள நம் பெண்களுக்கு அது நீளம்; கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும். கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். குளிருக்குப் போடும் தடித்த கோட்டை மாட்டிக்கொள்ளுங்கள். துப்பாக்கி காலி என்று கடைக்காரரும் நீங்களும் பார்த்து உறுதி செய்த பிறகு, அவர் காட்டுகிற பக்கமாகப் பிடித்துக் கண்ணை மூடித் தோளில் வையுங்கள். கன்னம் கட்டையில் படியட்டும். பிறகு கண்ணைத் திறங்கள். ரைபிள் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் முழு வட்டமும் கறுப்பு ஓரம் இல்லாமல் தெரிந்தால் அது உங்களுக்கான துப்பாக்கி. கறுப்புப் பிறை தெரிந்தால் கட்டையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்தச் சொல்லுங்கள்.

ஸ்கோப்பில் பெரிய எண் வேண்டும் என்று ஆசைப்படுவார்கள், பதினாறு மடங்கு, இருபத்துநாலு மடங்கு என்று. வேட்டைக்கு அது தேவையில்லை. 3 முதல் 9 மடங்கு வரை, முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர், இது போதும். கணக்குச் சொல்கிறேன். முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் நாலரை மில்லிமீட்டர்கூட இல்லை. 6-ஆல் வகுத்தால் ஆறரைக்கு மேல். இருட்டில் இளவயதுக் கண்மணி ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் விரியும். ஆகவே இருட்ட இருட்ட மடங்கைக் குறைத்தால் காட்சி வெளிச்சமாகும். மான் வருவதும் அந்த நேரத்தில்தான். காட்டில் நடக்கும்போது ஸ்கோப்பை 3-லேயே வைத்திருங்கள். நூறு கெஜத்தில் முப்பது அடிக்கு மேல் அகலம் தெரியும்; பக்கத்தில் திடீரென மான் எழுந்தால் கண்டுபிடிக்க முடியும். 9-இல் வைத்திருந்தால் ரோமம்தான் தெரியும், எந்தப் பக்கம் தலை என்று தெரியாது.

50 மில்லிமீட்டர் கண்ணாடி இன்னும் வெளிச்சம் தருமே என்றால், தரும். ஆனால் அதை உயரமாகப் பொருத்த வேண்டும், கன்னம் கட்டையில் படியாது. எடையும் கூடும். நியூசிலாந்து மலையில் ஏறுகிறவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். என் கணக்கில் ரைபிளுக்குக் கொடுக்கும் பணத்துக்குக் குறையாமல் ஸ்கோப்புக்கும் அதை ரைபிளில் பொருத்தும் வளையங்களுக்கும் ஒதுக்குங்கள். வளையத் திருகு தளர்ந்தால் மற்ற எதுவும் பயனில்லை. முறுக்கு அளவு காட்டும் சாவியால் இறுக்குங்கள்.

அப்புறம் குறி வைப்பது, அதாவது குண்டு விழும் இடத்தோடு ஸ்கோப்பின் குறியைப் பொருத்துவது. முதலில் 25 கெஜத்தில் காகிதத்தில் விழுகிறதா பாருங்கள். பிறகு 100 கெஜத்துக்குப் போங்கள். பெரும்பாலான ஸ்கோப்பில் குறி மாற்றும் திருகை நாலு கிளிக் திருப்பினால் அங்கே ஓர் அங்குலம் நகரும். .30-06-இல் 180 கிரெயின் குண்டு 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே விழும்படி வையுங்கள். 200-இல் சரியாக விழும். 300-இல் எட்டொன்பது அங்குலம் தாழும். அதாவது 250 கெஜம் வரை மானின் முன்காலுக்குப் பின்னால், மார்பின் நடுவில் வைத்தால் போதும். அதற்கு அப்பால் நிற்பதைச் சுடாதீர்கள், கிட்டே போங்கள். மூன்று முறை சுட்டபின் குழலை ஆறவிடுங்கள். சூட்டில் குறி விலகும். காதுக்கு அடைப்பான் கட்டாயம். தோட்டாவின் கம்பெனியோ குண்டின் எடையோ மாறினால், திரும்ப முதலிலிருந்து குறி வையுங்கள்.

கையில் காசு குறைவு என்றால் பழைய ரைபிள் வாங்கலாம், அதில் வெட்கம் இல்லை. பழைய ஸ்கோப் மட்டும் வேண்டாம். உள்ளே தளர்ந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. பழைய ரைபிளில் போல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குழலுக்குள் பாருங்கள். முறுக்குக் கோடுகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். பிறகு குழலின் வாய் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு சின்ன நசுங்கல் இருந்தாலும் அதை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.