ஆலன் பேஜின் சுண்டுவிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆலன் பேஜின் புகைப்படம் எதையாவது பார்த்தால், அவருடைய கையைக் கொஞ்சம் கவனியுங்கள். சுண்டுவிரல் பாதியில் ஒடிந்ததுபோல மடங்கி, மற்ற விரல்களோடு சேராமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கால்பந்து ஆடிய காலத்தில் திரும்பத் திரும்ப மூட்டு பிசகி, கடைசியில் அப்படியே நின்றுவிட்ட விரல். அந்த விரலோடுதான் அவர் பின்னாளில் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்து தீர்ப்புகளை எழுதினார்.

அமெரிக்கக் கால்பந்து நாம் காலால் உதைத்து ஆடுவது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும். 10 கஜம் முன்னேற 4 வாய்ப்பு. பந்தை யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் மலை மலையாக ஐந்து பேர் அரண்போல நிற்பார்கள். அந்த அரணை உடைத்து உள்ளே புகுவதுதான் எதிரணியின் தடுப்பு வரிசைக்காரர் வேலை. கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பார். பந்து அசைந்ததும் பாய வேண்டும். சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். எழுந்து வந்து, மறுபடியும் கையை ஊன்ற வேண்டும். கேமரா பந்தின் பின்னாலேயே போகும். இவர்கள் படும் பாடு பெரும்பாலும் கண்ணில் படாது.

பேஜ் 1945-இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்தவர். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1967-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு வந்தார். ஊதாச் சட்டை போட்ட அந்த அணியின் தடுப்பு வரிசையில் பேஜ் உட்பட நால்வர். அவர்களை, ஆளை விழுங்கும் ஊதாக்காரர்கள் என்றே ரசிகர்கள் அழைத்தார்கள். மினசோட்டா குளிர் லேசான குளிர் இல்லை. அந்தக் குளிரிலும் மைதான ஓரத்தில் கணப்பு வைக்கப் பயிற்சியாளர் பட் கிராண்ட் விடமாட்டார். பேஜின் பலம் அவருடைய வேகம். எதிரில் நிற்பவர் நிமிர்வதற்குள் அவரைக் கடந்து போய்விடுவார். 1971-இல் அசோசியேட்டட் பிரஸ் வழங்கும் ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. தடுப்பு ஆட்டக்காரர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. நான்கு சூப்பர் பவுல் இறுதி ஆட்டங்களில் ஆடினார். நான்கிலும் அவர் அணி தோற்றது.

சரி, இவரைப் பற்றிப் பேச எனக்கு ஏன் இவ்வளவு ஆசை? ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டம் படித்தவர் இவர். ஓய்வு பெற்றபின் பொழுதுபோகாமல் தேடிக்கொண்ட படிப்பு அல்ல. இளம் வயதில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். அப்புறம் 1975-இல், புகழின் உச்சியில் இருக்கும்போது, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மறுபடி சேர்ந்தார். 1978-இல் பட்டம் வாங்கிவிட்டார்.

அதே சமயத்தில் அவருடைய மனைவி டயான் புகைப் பழக்கத்தை விட ஓடத் தொடங்கினார். இவரும் கூடச் சேர்ந்துகொண்டார். ஓட ஓட உடல் எடை இறங்கியது. தடுப்பு வரிசைக்காரர் இளைத்தால் அணி பொறுக்குமா? 1978 பருவத்தின் நடுவிலேயே வைக்கிங்ஸ் அவரை விலக்கியது. சிகாகோ பியர்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டே 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓடி முடித்தார். என்.எஃப்.எல். என்ற தேசியக் கால்பந்து லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் அப்படி முடித்ததும் அதுதான் முதல் தடவை. எடை குறைந்த உடம்போடு 1981 வரை ஆடினார். 15 பருவங்கள், தொடர்ந்து 218 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எடை போதாது என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை என்பது என் எண்ணம்.

பிறகு வழக்கறிஞர் வேலை, மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம். மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கான தேர்தலில் நிற்க நினைத்தபோது, பதவியில் இருந்த நீதிபதியின் காலத்தை ஆளுநர் நீட்டித்துவிட்டார். பேஜ் வழக்குப் போட்டார், வென்றார், 1992 தேர்தலில் நின்றார், ஜெயித்தார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர். 70 வயது நிறைந்த 2015 வரை பதவியில் இருந்தார்.

1988-ஐ விட்டுவிட்டேன், அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடம், பேஜ் பிறந்த கேன்டனில்தான் இருக்கிறது. அந்தக் கட்டடம் எழும்பியபோது பதின்ம வயதில் அங்கே கூலி வேலை பார்த்த பேஜ், அந்த ஆண்டு அதே இடத்தில் கௌரவிக்கப்பட்டார். மேடையில் தன்னை அறிமுகப்படுத்த, மினியாபொலிஸ் பள்ளி ஒன்றின் முதல்வரை அவர் அழைத்திருந்தார். உரையில் ஆட்டக் கதை குறைவு. அணிக் கூட்டம் ஒன்றில், ஆட்டத் திட்ட ஏட்டை உரக்கப் படிக்கச் சொன்னபோது, கூட ஆடியவர்களில் சிலரால் படிக்க முடியாமல் போனதைச் சொன்னார். கல்லூரிவரை போய்வந்தவர்கள் அவர்கள். அவர்களைக் குறைசொல்ல அவர் அதை எடுக்கவில்லை. ஓடத் தெரிந்த பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறானா என்று எந்த வகுப்பிலும் யாரும் பார்க்காமலே மேலே அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய வேதனை.

அந்த ஆண்டே டயானும் அவரும் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார்கள். அதில் உதவித்தொகை வாங்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களுக்குப் படிப்பில் துணை நிற்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.