ஹம்வீ டயர் வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க ராணுவம் கழித்துக்கட்டும், ஹம்வீ என்ற ராணுவ வண்டியின் டயர்களை வாங்கி, காட்டுப்பாதையில் ஓட்டும் தங்கள் பிக்கப் வண்டிக்கு மாட்டுகிறவர்கள் அந்நாட்டில் ஏராளம். உயரம் 37 அங்குலம், அகலம் 12.5, முரட்டுப் பக்கச்சுவர், விலையும் மலிவு. ஆனால் அளவின் கடைசியில் வரும் 16.5 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

அது ரிம்மின் விட்டம். 16 அங்குல டயரை 16.5 ரிம்மில் ஏற்ற முயல்வது உயிருக்கே ஆபத்து. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காராது, உட்காரவைக்கக் காற்றை ஏற்ற ஏற்ற, உள்ளிருக்கும் கம்பி அறுந்து டயர் வெடிக்கும்.

சரியான 16.5 ரிம் கிடைத்தாலும் கவனம் தேவை. டயர் விளிம்பு உட்காரும் இடம் 16 அங்குல ரிம்மில் 5 பாகைச் சரிவு. இதில் 15 பாகை. விளிம்பை நழுவாமல் தடுக்கும் மேடும் இதில் கிடையாது. மணலிலும் சேற்றிலும் காற்றைக் குறைத்து ஓட்டும்போது, திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். ராணுவத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹம்வீ ரிம் இரண்டு துண்டு. காற்று போனாலும் வண்டி ஓட உதவும், நடுவிலுள்ள ரன்ஃப்ளாட் வளையம் இரு விளிம்புகளையும் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே டயரை மட்டும் வாங்காமல் ரிம், வளையத்தோடு முழுச் சக்கரமாக வாங்குவதே நல்லது.

அந்தச் சக்கரத்தைப் பிரிக்கும்போது முதல் வேலை வால்வு பின்னைக் கழற்றுவது. காற்று முழுக்க இறங்கிய பிறகே ரிம் நட்டுகளில் ஸ்பேனர் வையுங்கள். காற்றோடு தளர்த்தினால் ரிம் துண்டு பறந்து ஆளை அடிக்கும். திரும்பப் பூட்டும்போது காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, எதிரெதிர் நட்டுகளாக முறுக்குங்கள்.

ஹம்வீ ரிம்மில் 8 போல்ட், அவை அமைந்த வட்டம் 6.5 அங்குலம் என்பதால் பழைய முக்கால் டன் பிக்கப்புகள் பலவற்றுக்கும் போல்ட் பொருந்தும். ஆனால் ரிம் மிகவும் உள்வாங்கியது. ஸ்டியரிங் கம்பியிலோ ஸ்பிரிங்கிலோ உரசுகிறதா என்று முழுத் திருப்பம் வைத்துப் பாருங்கள்.

டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி: 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் புதுசுபோல இருந்தாலும், பக்கச்சுவரில் வெடிப்பு கண்டால் விட்டுவிடுங்கள்.

31 அங்குலத்திலிருந்து 37-க்கு மாறினால் ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி ஏறக்குறைய 72-ல் போகும். அச்சில் 4.10 பல்விகிதம் இருந்தால் 4.88-க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மேட்டில் இன்ஜின் திணறும். கனம் கூடுவதால் பிரேக்கும் முன்னைவிடத் தாமதமாகத்தான் பிடிக்கும். நெடுஞ்சாலையில் ஏறும் முன் ஆளில்லாத வெட்டவெளியில் பிரேக் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.