ஆட முடியுமா என்று அவரிடம் கேட்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

காயம் துரத்தும் சீசனில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியைக் கரைசேர்ப்பது நட்சத்திர வீரரின் துணிச்சலா, பெஞ்சில் காத்திருக்கும் மாற்று வீரர்களின் தயார்நிலையா? இதுதான் இன்றைய தலைப்பு. பெஞ்சின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 1970ஆம் ஆண்டை அழகாகச் சொன்னார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்கே கோப்பை என்ற இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். தொடைத் தசை கிழிந்த நிக்ஸ் நட்சத்திரம் வில்லிஸ் ரீட் நொண்டிக்கொண்டே நியூயார்க் மைதானத்துக்குள் வருகிறார், கூட்டம் எழுந்து நிற்கிறது, முதல் இரண்டு கூடைகளையும் அவரே போடுகிறார், நிக்ஸ் அணி கோப்பையை வெல்கிறது. கேட்கும்போது எனக்கும் மெய் சிலிர்த்தது. ஆனால் நடுவர் அவர்களே, அந்த ஆட்டம் முழுக்க ரீட் எடுத்த புள்ளிகள் 4. அதே ஆட்டத்தில் அவருடைய சக வீரர் வால்ட் ஃபிரேசியர் 36 புள்ளிகள் எடுத்தார், 19 அசிஸ்ட், அதாவது மற்றவர் கூடை போட உதவும் பாஸ், கொடுத்தார். ரீட் மனதுக்குத் தெம்பு கொடுத்தார், மறுக்கவில்லை. அவர் இல்லாத ஆறாவது ஆட்டத்தில் எதிர்த்து ஆடிய லேக்கர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லெய்ன் 45 புள்ளிகள் அடித்ததும் எனக்குத் தெரியும். ஆனால் ஐந்தாவது ஆட்டத்தை எதிரணித் தலைவர் ஏன் விட்டுவிட்டார்? ரீட் காயம்பட்டு விழுந்தது அதில்தான். அவர் வெளியே போன பிறகு, பின்தங்கியிருந்த நிக்ஸ் எழுந்து வந்து அந்த ஆட்டத்தை வென்றது. அந்த வெற்றி இல்லையென்றால் ஏழாவது ஆட்டமே நடந்திருக்காது.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். 2025 ஜூன் 22, ஓக்லஹோமா சிட்டி. இறுதித் தொடர், மறுபடியும் ஏழாவது ஆட்டம். இண்டியானா பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்டன் ஐந்தாவது ஆட்டத்திலேயே வலது கெண்டைக்கால் தசையில் அடிபட்டவர். ஆறாவது ஆட்டத்தில் ஆடினார், அவருடைய அணி 108-91 என்று வென்றது. ஏழாவதிலும் இறங்கினார். எடுத்த எடுப்பில் மூன்று த்ரீ பாயிண்டர்கள், 9 புள்ளிகள். முதல் கால்பகுதி முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும். பந்தோடு முன்னால் பாயக் காலை ஊன்றியவர் அப்படியே விழுந்தார். வலது குதிகாலின் அக்கிலீஸ் நாண் அறுந்துவிட்டது. தரையைக் கையால் அடித்துக்கொண்டு அவர் கிடந்த காட்சியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடமாட்டார் என்று அணியே அறிவிக்க வேண்டியதாயிற்று.

கெண்டைக்கால் தசை கீழே இறங்கி அந்த நாணாகத்தான் குதிகால் எலும்பில் போய்ச் சேர்கிறது. இரண்டும் ஒரே கயிறு. மேலே நொந்திருந்ததால்தான் கீழே அறுந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் ஒரே கயிறு என்பது அணியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எதிரணி இப்போது சொல்லப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். "அவர் வருத்தப்படவில்லையே, மறுபடியும் இதையேதான் செய்வேன் என்று பிறகு அவரே எழுதினாரே!" ஆமாம், எழுதினார். என் வழக்கே அங்கேதான் தொடங்குகிறது. சின்ன வயதிலிருந்து ஒரே கனவோடு வளர்ந்தவரிடம், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது "ஆட முடியுமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? முடியும் என்றுதான் வரும். கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடியும் என்றுதான் வரும். ஒரே ஒரு பதில் மட்டுமே வரக்கூடிய கேள்வியைக் கேட்டுவிட்டு, அந்தப் பதிலை வீரரின் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நியாயமா?

அதே ஆட்டத்தின் மறுபக்கத்தை யாரும் பேசுவதில்லை. நட்சத்திரம் போன பிறகும் இடைவேளையில் பேசர்ஸ் 48-47 என்று முன்னிலையில் இருந்தது. பெஞ்சிலிருந்து வந்த டி.ஜே. மெக்கானல் அவ்வளவு உயிரைக் கொடுத்து ஆடினார். மூன்றாம் கால்பகுதியில்தான் ஆட்டம் கைநழுவியது. முதல் நிமிடத்திலிருந்தே அந்தப் பெஞ்சை நம்பித் திட்டம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வென்றிருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஹாலிபர்டனின் கால் முழுதாக இருந்திருக்கும் என்று மட்டும் நம்புகிறேன்.

சரி, அன்று வென்ற ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியைப் பாருங்கள். அந்த சீசன் தொடங்குவதற்கு முன்பே கூடைக்கடியில் நிற்கும் அவர்களின் சென்டர் ஐசையா ஹார்டென்ஸ்டைனுக்குக் கை எலும்பு முறிந்தது. நவம்பர் 10ஆம் தேதி ஏழடி உயர செட் ஹோம்கிரென் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கூடைக்கடியில் நிற்க உயரமான ஆளே இல்லை. சுமார் ஆறரை அடி ஜேலன் வில்லியம்ஸ் சென்டர் இடத்தில் நின்றார். நிற்க மட்டுமா? அந்த அணி சீசனில் 82 ஆட்டங்களில் 68ஐ வென்றது! ஹோம்கிரெனை யாரும் அவசரப்படுத்தவில்லை. கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து, பிப்ரவரியில்தான் வந்தார். சீசனில் மொத்தம் 32 ஆட்டங்கள்தான் ஆடினார். ஜூன் 22 அன்று என்ன செய்தார் தெரியுமா? 18 புள்ளிகள், எதிராளியின் எறிதலைத் தடுத்த 5 பிளாக். எலும்பு கூடும்வரை காத்திருக்க வைத்த பையன் ஒரு பக்கம் தாவிக்கொண்டிருக்கிறார், தசை ஆறும் முன்னே இறங்கியவர் மறுபக்கம் தரையில் கிடக்கிறார். ஒரே நாள், ஒரே மைதானம், நடுவர் அவர்களே.

"நவம்பரில் காத்திருக்கலாம், ஜூனில் எப்படிக் காத்திருப்பது?" என்று கேட்டார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். நல்ல கேள்வி. இந்த மேடையில் என்னை யோசிக்க வைத்த கேள்வியும் அதுதான். 2019ஐ வைத்துப் பதில் சொல்கிறேன். மே 8 அன்று ஹூஸ்டனுக்கு எதிராகக் கோல்டன் ஸ்டேட் அணியின் கெவின் டுராண்டுக்குக் கெண்டைக்காலில் அடி. அவர் இல்லாமலே அந்த ஆட்டத்தை வென்றார்கள், ஹூஸ்டனை வெளியேற்றினார்கள், அடுத்து போர்ட்லாந்தை 4-0 என்று துடைத்தெறிந்தார்கள். பெஞ்ச் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இறுதித் தொடரில் டொரான்டோவிடம் 3-1 என்று பின்தங்கியதும் பதற்றம் வந்துவிட்டது. ஜூன் 10 அன்று டுராண்டை இறக்கினார்கள். சுமார் 12 நிமிடங்கள், 11 புள்ளிகள், அப்புறம் அக்கிலீஸ் அறுந்தது. அந்த ஆட்டத்தை ஒரு புள்ளியில் வென்றார்கள், உண்மை. மூன்றே நாளில் அடுத்த ஆட்டத்தில் தோற்றுக் கோப்பையையும் இழந்தார்கள். அந்த ஆட்டத்தில் கிளே தாம்சனின் முழங்கால் தசைநாரும் கிழிந்தது. டுராண்டுக்கு அடுத்த சீசன் முழுவதும் போயிற்று. அன்றிரவு அணியின் பொது மேலாளர் பாப் மையர்ஸ் கண்ணீரோடு, பழி சொல்வதென்றால் என்னைச் சொல்லுங்கள் என்றார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கண்ணீரால் ஒரு நாணை ஒட்டவைக்க முடியுமா?

ஜூனில் காத்திருக்க முடியாமல் போவது சீசன் தொடங்கும் அக்டோபரில் தயாராகாததால். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓர் அணியில் 15 நிலையான இடங்கள், அதோடு கீழ்நிலை லீக்கிலும் ஆடும் மூன்று இருவழி ஒப்பந்த வீரர்கள். ஓர் ஆட்டத்துக்கு 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக மொத்தம் 240 வீரர்-நிமிடங்கள். பல பயிற்சியாளர்கள் இதில் பெரும்பகுதியை ஏழெட்டுப் பேருக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஒன்பதாவது ஆளுக்கு நெருக்கடியில் பந்து பிடித்த பழக்கமே இருக்காது. பிறகு காயம் வந்ததும் "பெஞ்சை நம்ப முடியவில்லை" என்கிறார்கள். நம்புவதற்கு அவனுக்கு எப்போது வாய்ப்புக் கொடுத்தீர்கள்?

மெம்ஃபிஸ் அணி 2023-24 சீசனில் காயங்களால் 33 வீரர்களை இறக்க வேண்டி வந்தது. என்பிஏ வரலாற்றில் ஒரு சீசனில் அதற்குமுன் எந்த அணியும் அத்தனை பேரை இறக்கியதில்லை. 55 தோல்விகள். எதிரணி இதை எனக்கு எதிராகப் பயன்படுத்தலாம், பயன்படுத்தட்டும். அந்தத் தோல்விகளுக்கு நடுவில்தான், புதிய வீரர்களுக்கான தேர்வில் இரண்டாம் சுற்றில்தான் எடுக்கப்பட்ட ஜிஜி ஜாக்சன் என்ற 19 வயதுப் பையன் சீசனின் கடைசி ஆட்டத்தில் 44 புள்ளிகள் அடித்தான். அணியின் நட்சத்திரம் ஜா மொராண்ட் தோள் அறுவைக்குப் பிறகு அந்த சீசனில் திரும்பவே இல்லை. அடுத்த சீசனில் அதே அணி 48 ஆட்டங்களை வென்றது.

ரசிகர் காசு கொடுத்து வருகிறார், நட்சத்திரத்தைப் பார்க்க அவருக்கு உரிமை இல்லையா என்றும் கேட்டார்கள். உண்டு. நல்ல உடம்போடு இருப்பவரை உட்கார வைக்கும் அணிகளுக்கு என்பிஏ 2023 முதல் அபராத விதியைக் கடுமையாக்கியதும் அதனால்தான். பெரிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டம் ஆட வேண்டும் என்ற விதியும் வந்தது. நான் பேசுவது சோம்பலுக்காக ஓய்வெடுப்பவரைப் பற்றி இல்லை, அடிபட்டவரைப் பற்றி. அடிபட்டவருக்கு அந்த 65 என்ற எண்ணே ஒரு சாட்டையாகிவிடக்கூடாது என்ற கவலை எனக்கு இருக்கிறது.

கடைசியாக ஒரு பெயர், பில் வால்டன். 1977இல் போர்ட்லாந்துக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். அடுத்த ஆண்டு பாதத்தில் காயம். கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் வலிமறக்கும் ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார். பாதத்து எலும்பு முறிந்திருந்தது. அடுத்த சீசன் முழுவதும் ஆடவில்லை, போர்ட்லாந்துக்காக அதன்பிறகு ஆடவே இல்லை. வலி என்பது உடம்பு கொடுக்கும் தகவல், ஊசி அந்தத் தகவலை அழித்துவிட்டது.

நடுவர் அவர்களே, அடுத்த முறை ஒரு நட்சத்திரம் காலில் கட்டோடு வந்து "நான் ஆடுகிறேன்" என்று நிற்கும்போது, பயிற்சியாளர் அவர் தோளைத் தட்டி உட்கார வைத்துவிட்டு, பெஞ்சின் கோடியில் இருக்கும் பையனைப் பார்த்து "நீ போ" என்று சொல்ல வேண்டும். அதற்குத் துணை நிற்கும் தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன். நன்றி, வணக்கம்.