முதுகில் எதுவும் வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தேவையான சாமான்களை எந்தப் பையில் கொண்டுபோகலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் பிரெவே பயணங்களை, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணங்களை, மனதில் வைத்தே பேசுகிறேன். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. யார் முதலில் வருகிறார் என்ற போட்டி இதில் கிடையாது. ஆனால் அந்த இடத்துக்கு வந்ததற்குச் சான்றாகக் கார்டில் முத்திரை வாங்கும் இடங்களைத் தவிர, வழியில் துணை வண்டி எதுவும் உங்களுக்கு உதவக் கூடாது. நடுராத்திரியில் பஞ்சர் ஆனால் பையில் இருப்பதுதான் உதவி.

முதுகில் மாட்டும் பையை இதற்கு எடுத்துப் போகாதீர்கள். குனிந்து ஓட்டும்போது அந்த எடை சீட்டிலும் உள்ளங்கையிலும் கழுத்திலும் இறங்குகிறது. 50 கிலோமீட்டர் வரை தெரியாது. அதற்குப் பிறகு வேறு எதுவுமே தெரியாது! நம் ஊர் வெயிலில் முதுகு வியர்வை காயவும் வழியில்லை. சுமையைச் சைக்கிள் சுமக்கட்டும்.

சரி, எந்தப் பை வாங்குவது? அதற்கு முன்னால் சாமான்களைத் தரையில் பரப்பிவையுங்கள். இரண்டு டியூப், டயர் லீவர், சின்ன பம்ப், பஞ்சர் பசை, மல்டி டூல், செயினுக்கு ஒரு இணைப்பு. நெடுஞ்சாலையில் வெடித்த லாரி டயர்களின் மெல்லிய கம்பித் துண்டுகள் சிதறிக் கிடக்கும். அதைப் பிடுங்க ஒரு சின்ன சாமணம். பெரும்பாலான ரோடு சைக்கிள்களின் டியூபில் பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வுதான் இருக்கும். அதற்குப் பெட்ரோல் பங்கில் அப்படியே காற்றுப் பிடிக்க முடியாது, ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். சுண்டுவிரல் நுனி அளவுதான், மறந்துவிடாதீர்கள். அப்புறம் பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், மழைக்கோட்டு, சில்லறைப் பணம். இவ்வளவும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்த பிறகே கடைக்குப் போங்கள். பெரிய பையை முதலில் வாங்கினால், அது நிரம்பும் வரை எதையாவது திணித்துக்கொண்டே இருப்போம்.

200 கிலோமீட்டருக்குச் சீட்டின் அடியில் மாட்டும் சின்னப் பை ஒன்றும், ஹேண்டில்பார் பக்கம் பிரேமின் மேல் கம்பியில் உட்காரும் பை ஒன்றும் போதும். முன்பை தின்பண்டத்துக்கு. ஓட்டிக்கொண்டே ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். சாக்லேட் வெயிலில் உருகிவிடும், கடலைமிட்டாய் உருகாது. மேலே கண்ணாடிபோல ஒரு உறை வைத்து, அதில் போனைச் சொருகும் பைகளும் விற்கிறார்கள். நண்பகல் வெயிலில் போன் சூடேறித் தானாக அணைந்துவிடும். வழி பார்க்க வேண்டிய நேரத்தில் அது நடந்தால் சிரமம். போன் உள்ளே, நிழலில் இருக்கட்டும்.

600 என்றால் மாற்றுத்துணி, கூடுதல் பேட்டரி எல்லாம் சேரும். அப்போது சீட்டுக்குப் பின்னால் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பையைப் பலர் வாங்குகிறார்கள். எழுந்து நின்று மிதித்தால் அது இடமும் வலமும் ஆடும். கனமானதைச் சீட்டுக் கம்பியை ஒட்டியும், துணியைக் கடைசியிலும் வைத்து, வாரை இறுக்கினால் ஆட்டம் குறையும். குள்ளமானவர்களின் சைக்கிளில் பையின் அடிப்பக்கம் டயரில் உரசலாம். வாங்கும் முன் அந்த இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

இதில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. அந்தப் பெரிய பை உங்கள் பின்விளக்கை மறைத்துவிடும். பையிலேயே விளக்கு மாட்ட ஒரு வளையம் இருக்கும்தான். பை தொங்கினால் விளக்கு தரையைப் பார்க்கும், பின்னால் வருகிற லாரிக்காரருக்கு எதுவும் தெரியாது. விளக்கை, சீட்டின் அடியிலிருந்து பின்சக்கரத்தின் பக்கவாட்டில் இறங்கும் பிரேம் கம்பியில் அழுத்தமாகப் பொருத்துங்கள். பொருத்திய பிறகு நண்பர் ஒருவரைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லி, தெரிகிறதா என்று கேளுங்கள். விளக்கை மறைக்கிற பை எவ்வளவு நல்ல பையாக இருந்தாலும் வேண்டாம்.

கனமான சாமான்களுக்குச் சரியான இடம் பிரேமின் முக்கோணத்துக்குள் மாட்டும் பைதான். எடை தாழ்வாக இருப்பதால் வண்டி அலையாது. தண்ணீர் பாட்டிலுக்கு இடம் விட வேண்டும், பை புடைத்தால் முழங்கால் உரசும், அவ்வளவுதான்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹார்ட்முட் ஆர்ட்லீப் என்ற ஜெர்மானியர், இங்கிலாந்தில் மழையில் நனைந்தபடி சைக்கிளில் போனபோது லாரிகளின் தார்ப்பாயைக் கவனித்தார். ஊருக்குத் திரும்பி அதே துணியில் பை தைத்தார். 1982-இல் அது ஒரு நிறுவனமாக வளர்ந்தது. தார்ப்பாய்க்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கடையில் விற்கும் பைகளின் விலை கட்டுப்படி ஆகவில்லை என்றால், உங்கள் பிரேமின் முக்கோணத்தை அட்டையில் வெட்டி, ஸ்கூல் பை தைக்கிற கடையில் கொடுங்கள், தைத்துத் தருவார்கள். ஊசி போன துளை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கும் என்பதால், உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொள்ளுங்கள். சீட்டுக் கம்பியைச் சுற்றும் வெல்க்ரோ பட்டையின் சொரசொரப்புப் பக்கம் வெளியே நீட்டாதபடி தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் கால்சட்டையைப் பிய்த்துவிடும்.

பை கைக்கு வந்ததும் முழுச் சுமையோடு ஒரு மோசமான சாலையில் ஓட்டிப் பார்த்து, வார்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று இறங்கிப் பாருங்கள். பிரெவேவுக்குப் பெயர் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். வணக்கம்.