ரஸாவுக்கு பிரான்ஸ் கொடுத்தது என்ன?

வெளிநாடு போன ஓவியரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, யாருடைய பாணி அவரிடம் ஒட்டிக்கொண்டது என்றுதான் கேட்கிறோம். சையத் ஹைதர் ரஸா விஷயத்தில் அந்தக் கேள்வி அதிக தூரம் போகாது. பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் 1950-இல் பாரிஸ் போனவர், இந்தியாவுக்கே திரும்பிவிட்டது 2010-இல். அவருக்கு முன்பு பாரிஸில் ஓவியம் படித்த அம்ரிதா ஷெர்கில் சுமார் ஐந்தாண்டில் ஊர் திரும்பிவிட்டார். ரஸாவுக்கு அறுபது ஆண்டு.

அவரைக் கிளப்பிவிட்டது ஒரு விமர்சனம். 1948-இல் காஷ்மீரில் அவர் படங்களைப் பார்த்த புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோன், திறமை இருக்கிறது, கட்டுமானம் இல்லை, பிரெஞ்சு ஓவியர் செஸானைப் படியுங்கள் என்றார். பம்பாய்த் தெருக்களை நீர்வண்ணத்தில் விறுவிறுவென்று தீட்டிய கை அது. பாரிஸ் போன புதிதில் செய்த கவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) படங்களில் ஆளில்லாத ஊர்கள். வீடுகள் கூர்மையான கட்டங்களாக அடுக்கப்பட்டிருக்கும். பிறகு எண்ணெய் வண்ணத்துக்கு வந்தார், பிரெஞ்சுக் கிராமங்களைத் தடித்த பூச்சில் தீட்டினார். 1956-இல் பிரெஞ்சு விமர்சகர்களின் பரிசும் கிடைத்தது.

தடித்த எண்ணெய்ப் பூச்சு பொறுமையைச் சோதிக்கும். காய வாரக்கணக்காகும். அடி அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் மேல் அடுக்கு முதலில் இறுகிவிடும். அடி அடுக்கு பின்னால் அசையும்போது மேலே வெடிப்பு விழும்.

1962-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கற்பிக்கப் போனார். அங்கே அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் படங்கள் அவரை உலுக்கின. அதன் பிறகு எண்ணெய் வண்ணத்தை விட்டு, தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறினார். இதைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய திருப்பம். மெல்லிய அக்ரிலிக் பூச்சு அரைமணிக்குள் காய்ந்துவிடும். மேலே அடுத்த நிறத்தை உடனே ஏற்றலாம், விளிம்பு கத்திபோல் நிற்கும். தொல்லைகளும் உண்டு. பெரிய பரப்பில் நிறங்களை ஒன்றோடொன்று குழைக்க நேரம் தராது. காய்ந்தால் நிறம் சற்றுக் கறுக்கும். அதனால் மறுநாள் கலக்கும் ஈர நிறத்தைக் கண்ணளவில் பொருத்தினால் காய்ந்தபின் திட்டுத் தெரியும். முதலில் ஒரு ஓரத்தில் தடவிக் காயவிட்டுப் பார்க்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில்தான் அவர் படங்களில் பிந்து, அதாவது புள்ளி, கறுப்பு வட்டமாக வந்தது. அதன் வேர் மத்தியப் பிரதேசத்தில்: கவனம் சிதறிய சிறுவன் ரஸாவை, சுவரில் புள்ளி வைத்து அதையே பார் என்று ஆசிரியர் உட்கார வைத்தாராம். படத்தின் கருப்பொருள் இந்தியாவிலிருந்து போனது. ஆனால் ஒரே ஒரு கறுப்பு வட்டத்தை வைத்துப் பெரிய கேன்வாஸைத் தாங்குவது சாதாரண வேலை இல்லை. சுற்றிலும் உள்ள நிறங்கள், வடிவங்களின் எடை சரியாக அமையாவிட்டால் அது குறிபார்த்துச் சுடும் பலகை ஆகிவிடும். அந்த எடைக்கணக்கை அவர் செஸானிடம் தொடங்கி முப்பது ஆண்டு படித்தார்.

ரஸா படத்தின் முன் நின்றால் வட்டத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஓரப் பட்டைகள்: எது அகலம், எந்தச் சிவப்பு முன்னே வருகிறது, எந்த நீலம் பின்னே போகிறது. பிறகு மூலைகள். அதற்கப்புறம் நடுவுக்கு வாருங்கள்.