ஒண்ணும் இல்லாதப்போ கூட்டிட்டு வாங்க

எல்லாருக்கும் வணக்கம். பேச வர்றீங்களான்னு ரேடியோ நிலையத்துல இருந்து போன் பண்ணப்போ, மாட்டப் பத்தியா கோழியப் பத்தியான்னு அவங்களே கேட்டாங்க. முப்பத்தோரு வருஷம் கவர்மெண்ட்ல கால்நடை டாக்டரா இருந்தாலும் நமக்க ஊர்ல நான் என்னைக்கும் மாட்டு டாக்டர் தான், அதுல ஒரு வருத்தமும் இல்ல. ஆனா இன்னைக்கு மாடு வேண்டாம், வீட்டுல வளக்குற பட்டியையும், அதாவது நாயையும், பூனையையும் பத்தி பேசுறேன்னு சொன்னேன். அதுலயும் சீக்கு வந்தா என்ன செய்யணும்ங்கறது இல்ல, சீக்கே இல்லாதப்போ என்ன செய்யணும்ங்கறது.

நான் குலசேகரம் பக்கம் வேல பாத்தப்போ ஒரு அம்மச்சி வருவாங்க. வருஷா வருஷம் கோட்டார் சவேரியார் திருநாளுக்கு நமக்க கன்னியாகுமரி மாவட்டத்துல லீவு விடுவாங்கல்லா, டிசம்பர் 3, அதுக்கு முந்தின வாரம் கரெக்டா ஆட்டோல வந்து எறங்குவாங்க. மடியில கைசர். கைசர்ன்னா பெரிய ஜாதி பட்டி ஒண்ணும் இல்ல, நாட்டுப் பட்டி தான், ஒரு காது மடங்கி இருக்கும். என்ன அம்மச்சி, என்ன செய்யுது இவனுக்குன்னு கேப்பேன். "ஒண்ணும் இல்ல டாக்டரே, சும்மா ஒண்ணு பாரும்." எனக்கு அப்போ சின்ன வயசு, வெளிய கன்னுக்குட்டியும் ஆடுமா கூட்டம் நிக்குது, இவங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு ஒக்காந்து இருக்காங்க, கொஞ்சம் எரிச்சல் கூட வரும், உள்ளத சொல்லணும்ல.

ஒரு தடவ கேட்டே போட்டேன், நல்லா இருக்கறத எதுக்கு அம்மச்சி காசு குடுத்து ஆட்டோல தூக்கிட்டு வாறீங்க? அவங்க சொன்னாங்க, "தெங்குக்க மண்ட சாஞ்ச பெறவா டாக்டரே மருந்து வைப்பாங்க?" நான் அஞ்சு வருஷம் படிச்ச படிப்ப அந்த அம்மச்சி ஒரு வாக்குல சொல்லிட்டாங்க.

இன்னொரு பழக்கமும் உண்டு அவங்களுக்கு. ரப்பர் ஷீட் விக்க கடைக்கு போறப்போ கைசரையும் கூட்டிட்டு போவாங்க, ஷீட்ட தராசுல இருந்து எறக்கினதும் இவன ஏத்தி நிப்பாட்டுவாங்க, கடைக்காரர் சிரிச்சிட்டே எடைய சொல்லுவாரு, பேரனுக்க பழைய கணக்கு நோட்டுல எழுதி வச்சிருவாங்க. மாசத்துக்கு ஒரு தடவ. ஒரு வருஷம் டிசம்பர் வரைக்கும் காத்திருக்காம ஆவணியிலயே வந்து நிக்கறாங்க, கையில நோட்டு. மூணு மாசம் முன்ன 18 கிலோ, அப்புறம் 17, இப்போ பதினஞ்சர. பட்டி வால ஆட்டுது, சாப்பிடுது, கொரைக்குது, பாத்தா ஒண்ணும் தெரியல, எனக்கே தெரியல. எடைய பாத்த பெறகு தான் உதட்ட தூக்கி ஈற பாத்தேன், வெளிறி கெடக்கு. ரத்தம் எடுத்து நாகர்கோவில் லேபுக்கு அனுப்புனா, ரத்தத்த உறைய வைக்கிற தட்டணு கொறஞ்சு போச்சு. உண்ணிக்காய்ச்சல். இந்தக் கிருமி மாசக்கணக்குல வெளிய காட்டாம உள்ளயே கெடக்கும், மூக்குல ரத்தம் வந்த பெறகு கூட்டிட்டு வந்தா பல பட்டிய காப்பாத்த முடியாது. கைசருக்கு 28 நாள் மாத்திரையில சரியாச்சு. அதுக்கு அப்புறமும் ஆறு வருஷம் அந்த ஆட்டோவுல வந்தான்.

அதனால நான் எங்க போனாலும் எடை எடைன்னு தான் சொல்லுவேன், வீட்டுல பிள்ளைங்க கிண்டல் பண்ணுவாங்க. ரப்பர் கடை தராசு வேண்டாம், வீட்டு மெஷின்ல நீங்க பட்டிய தூக்கிட்டு ஒரு தடவ, தூக்காம ஒரு தடவ ஏறி நில்லுங்க, கழிச்சா வந்துரும். வயித்துப் பூச்சி மருந்தே எடைக்கு தக்கன தான் குடுக்கணும், எடை தெரியாம குடுத்தா ஒண்ணு பூச்சி சாகாது இல்லன்னா அளவு கூடிப் போகும். அந்த மருந்து குட்டியா இருக்கறப்போ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, பெறகு மாசம் ஒண்ணு, ஆறு மாசம் தாண்டினா மூணு மாசத்துக்கு ஒரு தடவ.

உண்ணின்னு சொன்னேன்ல, நமக்கு ஆனி ஆடி சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு, ஈரம் காயவே காயாது, உண்ணிக்கு கொண்டாட்டம். பட்டி மேல பாக்கறது கொஞ்சம் தான், மிச்சம் எல்லாம் சுவர் வெடிப்புல, கூட்டுக்க மூலையில இருக்கும், ஒரு பொட்ட உண்ணி ரெண்டாயிரம் மூவாயிரம் முட்ட போடும். அதனால பட்டிக்கு மட்டும் மருந்து போட்டா பத்தாது, கூட்டுக்கும் போடணும். மண்ணெண்ணெய் தேய்க்கறத விட்டுருங்க, தோல் வெந்து வந்த பட்டிய நெறைய பாத்தாச்சு.

தடுப்பூசிக்கு வர்றேன். குட்டிக்கு ஒரு ஊசி போட்டாச்சு சார்ன்னு சொல்லுவாங்க, பெறகு ஒரு நாள் ரத்தமா பேதி போயிட்டு தூக்கிட்டு ஓடி வருவாங்க, பார்வோங்கற வைரஸ் சீக்கு. குட்டிக்கு தாய்ப்பால்ல இருந்து வந்த எதிர்ப்பு சக்தி இருக்கற வரைக்கும் நாம போடுற ஊசிய அது பிடிக்க விடாது, அது எந்த வாரம் தீரும்னு யாருக்கும் கணக்கு தெரியாது, அதனால தான் ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரம் இடைவெளியில பதினாறு வாரம் வரைக்கும் திரும்ப திரும்ப போடுறது. டாக்டர் காசுக்காக போடுறாருன்னு நெனைக்காதீங்க. என்கிட்ட ஒருத்தர் அப்படி நெனச்சு ரெண்டாவது ஊசிய விட்டுட்டு, நாலு நாள் டிரிப் ஏத்தின செலவுல நாலு வருஷத்துக்கு ஊசி போட்டிருக்கலாம், குட்டியும் போச்சு.

எங்க பட்டி கேட்ட விட்டு வெளிய போகாதுன்னும் சொல்லுவாங்க. அது போகாது, செருப்பு போகும்ல? பார்வோ செருப்புல ஒட்டி வரும். மழத் தண்ணியில எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும், அது நமக்கும் வர்ற சீக்கு. முற்றத்துக்கு தெருப் பட்டியும் கீரியும் வரும், வெறி நோய் அப்படி தான் வருது. வெறி ஊசி மூணு மாசத்துல ஒண்ணு, பெறகு டாக்டர் சொல்ற நாள்ல திரும்ப, அப்புறம் வருஷா வருஷம். லூயி பாஸ்டர்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி மொத மொதல்ல ஒரு ஒம்பது வயசு பையனுக்கு வெறி ஊசி போட்டது 1885ல, அவரு செத்துப் போன செப்டம்பர் 28ஐ தான் இப்போ வெறிநோய் தினம்னு வச்சிருக்காங்க, அத ஒட்டி பல ஊர்ல எலவசமா போடுவாங்க, பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரியில கேளுங்க. கடிச்சா சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு நேரா மனுஷ ஆஸ்பத்திரிக்கு போங்க, மொளகாப்பொடியும் சுண்ணாம்பும் வைக்காதீங்க, இத நான் நூறு தடவ சொன்னாலும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ரெண்டு வெரல காட்டுறாரு. பல்லப் பத்தி சொல்லணும்னு வச்சிருந்தேன், போச்சு. பூனை வச்சிருக்கவங்க மட்டும் ஒரு நிமிஷம் கேளுங்க. பூனைக்கு காய்ச்சல்னு நமக்க பாராசிட்டமால் மாத்திரைய குடுத்துறாதீங்க, பாதி மாத்திரையே போதும் அது செத்துப் போக. பட்டிக்கு வாங்குன உண்ணி மருந்த மிச்சம் இருக்குன்னு பூனை மேல ஊத்தாதீங்க. வருஷ ஊசிக்கு கொண்டு வர்றப்போ சாக்குல கட்டாம மூடி உள்ள கூடையில கொண்டு வாங்க, அது பழகுன துணிய உள்ள போடுங்க, கூடைய ரெண்டு நாள் முன்னாடியே வீட்டுல தெறந்து வச்சா அதுவே ஏறி படுத்துக்கிடும். செரி, தம்பி எழும்பிட்டாரு. வணக்கம்.